ஐந்தை நூறாக்கிய கணக்கு

நடந்தவை, ஒழுங்கின்படி:

1. திருகோணமலையில் எங்கள் துறைமுக அளவைக் கந்தோரில் ஒரேயொரு நிரந்தரப் பதவி வந்தது. வற்றுப்பெருக்குக் கணிப்பு உத்தியோகத்தர்.

2. அங்கே தற்காலிகமாக வேலை செய்த மூவர் விண்ணப்பித்தோம். மூவரும் கணிதப் பட்டதாரிகள். ஒருவர் ரஷ்யாவில் படித்தவர். ஒருவர் லண்டன் வெளிவாரிப் பட்டம் எடுத்தவர். நான் இந்தியாவில் படித்தவள்.

3. எங்கள் மேலதிகாரி மூன்று பட்டங்களையும் நூற்றுக்கு இத்தனை புள்ளி என்று மாற்றினார்.

4. ரஷ்யாவுக்கு நூறு, லண்டனுக்கு எழுபத்தைந்து, எனக்கு ஐம்பத்தெட்டு.

5. மாற்றிய முறை பிழை என்று அவருக்குக் காட்டினோம். ஒத்துக்கொண்டார்.

6. ஒத்துக்கொண்ட பிறகும் அதே எண்களைத்தான் கொழும்புக்கு அனுப்பினார்.

ஆறாவதற்காகத்தான் இதை எழுதுகிறேன். கணிதம் படித்துவிட்டு வேலை தேடப் போகிற தங்கச்சிமார் வாசிக்க வேண்டும். அழுது முடித்த பிறகுதான் எழுதுகிறேன். கோபம் மட்டும் இன்னும் முடியவில்லை.

மூன்று பட்டங்கள்

என் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உயர்தரப் பரீட்சையில் நான் எடுத்த புள்ளி பல்கலைக்கழகத்துக்குப் போதும் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் அது தரப்படுத்தல் வந்திருந்த காலம். எந்த மொழியில் எழுதினோம் என்று பார்த்துப் புள்ளியை மாற்றினார்கள். மாற்றிய பிறகு எனக்கு இடமில்லை. தலைமன்னாரில் கப்பலேறி இந்தியாவுக்குப் போனேன். கன்னியாஸ்திரிகள் நடத்திய பெண்கள் கல்லூரியொன்றில் மூன்று வருடம் கணிதம் படித்தேன். முதல் வகுப்பு. மொத்தம் நூற்றுக்கு அறுபத்தெட்டு.

ரோஹண குருநாகல் பக்கத்தவர். புலமைப்பரிசில் பெற்று ரஷ்யாவுக்குப் போனவர். முதல் வருடம் முழுக்க மொழி, பிறகு ஐந்து வருடம் கணிதம். அங்கே புள்ளி ஐந்துக்குத்தான். அவருக்குக் கணிதப் பாடங்கள் எல்லாவற்றிலும் ஐந்து. எங்கள் கந்தோருக்கு வந்த பிறகு லோஞ்சில், அதாவது கந்தோர் மோட்டார்ப் படகில், வேலை செய்தவர்களிடம் தமிழ் பழகினார். வசவுகளைத்தான் முதலில் பழகினார்.

மூன்றாமவர் ஞானப்பிரகாசம். நிலாவெளியில் கணிதம் படிப்பித்துவிட்டு வந்தவர் என்பதால் எல்லோருக்கும் ஞானம் மாஸ்டர். பகலில் வகுப்பு, பின்னேரத்தில் தபாலில் வந்த பாடம். இப்படி வருடக்கணக்காகப் படித்து லண்டன் பரீட்சை எழுதினார். விரிவுரை என்று ஒன்றை அவர் வாழ்நாளில் கேட்டதில்லை. இரண்டாம் வகுப்பு, கீழ்ப்பிரிவு.

எங்கள் வேலை, கடல் எப்போது பெருகும், எப்போது வற்றும், எவ்வளவு என்று கணிப்பது. திருகோணமலையின் உள் துறைமுகம் ஆழமானது. கப்பல்களுக்கு எங்கள் கணக்கு பெரிதாகத் தேவைப்படாது. தேவைப்பட்டது கிண்ணியாத் துறைக்குத்தான். லொறியையும் ஆட்களையும் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோகும் தட்டையான மிதவையை இங்கே பாதை என்போம். தண்ணீர் நன்றாக வற்றிவிட்டால் பாதையின் பலகை கரையோடு பொருந்தாது. லொறி இறங்க ஏலாது. ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும் அதே பாதையில்தான் நிற்பார்கள்.

அந்தக் கணக்கு

எங்கள் பிரதம அளவையாளர் துரைசிங்கம் சேர் கெட்ட மனிதர் இல்லை. மழை நாளில் என்னைத் தன் காரில் பஸ் நிலையம் வரை கொண்டுபோய் விடுவார். லண்டனில் ஆறு மாதம் பயிற்சி பெற்றவர். அதை ஒரு நாளும் மறக்காதவர். பதவி அறிவித்தல் வந்த கிழமை எங்கள் மூவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதிரையில் இருக்கச் சொல்லி, தான் போட்ட புள்ளிகளை வாசித்தார். ஒளித்துச் செய்யவில்லை. தான் செய்தது நியாயம் என்று நம்பினார்.

நான் கேட்டேன்.

"சேர், என்ர அறுபத்தெட்டு எப்பிடி ஐம்பத்தெட்டு ஆனது?"

"இந்தியா டிகிரிக்குப் பத்துக் குறைச்சனான் பிள்ளை. அங்க அள்ளிக் குடுக்கிறவங்கள். எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தானே."

"அப்ப மாஸ்டருக்கு எழுபத்தைஞ்சு எப்பிடி வந்தது? லண்டனில புள்ளி சொல்லுறேல்லையே?"

"இரண்டாம் வகுப்பு கீழ்ப்பிரிவு எண்டால் ஒரு ஐம்பத்தைஞ்சு வரும். லண்டன் எண்டதுக்கு இருபது. லண்டன் லண்டன்தானே."

"ரோஹணவுக்கு?"

"அஞ்சுக்கு அஞ்சு. நூற்றுக்கு நூறு. இதுக்கும் விளக்கம் வேணுமோ? நீர் கணக்குப் படிச்சனீர்தானே?"

படித்தவள்தான். படித்ததால்தான் பொறுக்க முடியவில்லை. ரஷ்யாவில் கடைசிப் பாஸ் மூன்று. சேரின் முறைப்படி மூன்று என்றால் அறுபது. இந்தியாவில் அறுபது என்றால் முதல் வகுப்பு. அதாவது அங்கே தட்டுத்தடுமாறிப் பாஸ் பண்ணியவரும் இங்கே முதல் வகுப்புக்காரியும் சமன். அங்கே இரண்டு எடுத்தவர் பெயில். சேரின் முறைப்படி அவருக்கு நாற்பது. நாற்பது எங்களுக்குப் பாஸ். ஓர் அளவுகோலை இன்னொன்றாக மாற்றுவதென்றால் குறைந்தது இரண்டு இடத்திலாவது இரண்டும் பொருந்த வேண்டும். இது ஓரிடத்திலும் பொருந்தவில்லை. எல்லாவற்றையும் பெருக்கிவிட்டுப் பிறகு ஊரைப் பார்த்துக் கூட்டிக் கழிப்பதற்குப் பெயர் கணக்கு இல்லை.

இதை அப்படியே அவருக்குச் சொன்னேன். குரலை உயர்த்தவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரி. பிழை எண்டு சொல்லுறது லேசு. அப்ப நீரே சொல்லும், மூண்டு டிகிரியையும் எப்பிடி ஒப்பிடுறது?"

என் பயம் பதவியைப் பற்றி மட்டும் இல்லை. ஞானம் மாஸ்டர் திரும்பப் பள்ளிக்கூடத்துக்குப் போகலாம். ரோஹணவைக் கொழும்பில் கூப்பிடுவார்கள். எனக்கு இந்தப் பட்டம் ஒன்றுதான் உண்டு. இந்த ஐம்பத்தெட்டு என் தனிக்கோப்பில் ஏறிவிட்டால், இனி எந்தத் திணைக்களத்துக்கு விண்ணப்பித்தாலும் அதுவும் கூடவே போகும். உயர்தரத்தில் ஒருமுறை மாற்றினார்கள். இரண்டாம் முறையும் மாற்றவிட்டால் மூன்றாம் முறை என்னிடம் கேட்கவும் மாட்டார்கள்.

"ஒரு கிழமை தாங்கோ சேர்," என்றேன்.

வினாத்தாள் மாற்றிய மத்தியானங்கள்

அந்தக் கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் மூவரும் ஒருவர் பரீட்சையை இன்னொருவர் எழுதினோம். யோசனை என்னுடையது. நான் என் வினாத்தாள்களைக் கொண்டுபோனேன். மாஸ்டர் லண்டன் தாள்களை மஞ்சள் உறையொன்றில் போட்டுக் கொண்டுவந்தார். ரோஹண வெறுங்கையோடு வந்தார்.

"பேப்பர் எங்கே?"

"மிஸ், அங்க பேப்பர் இல்லை. டிக்கட் எடுக்கிறது. மேசையில டிக்கட் கவிழ்த்து வைக்கிறாங்க. ஒண்டு எடுத்தா அதில ரெண்டு கேள்வி. பிறகு பேராசிரியர் முன்னால நிண்டு சொல்லணும். அவர் கேட்டுக்கிட்டே இருப்பார், ஏன், ஏன், ஏன்."

"எழுத ஒண்டும் இல்லையோ?" என்று மாஸ்டர் கேட்டார்.

"எழுத வேணாம். வேர்க்கணும்."

அதனால் ரோஹண பேராசிரியராக இருந்தார். நான் சீட்டு எடுத்தேன். தொடர்ச்சியான சார்பு ஒன்றைப் பற்றிய தேற்றம். கூற்றைச் சரியாகச் சொன்னேன். நிறுவலும் பாதி சொன்னேன். "ஏன்?" என்றார். சொன்னேன். "அது ஏன்?" என்றார். அவ்வளவு ஆழத்துக்கு எங்கள் கல்லூரியில் யாரும் போனதில்லை. நிறுவலை மனப்பாடம் பண்ணியிருந்தேன் என்று அப்போதுதான் விளங்கியது.

பிறகு என் வானியல் தாளை ரோஹணவிடம் கொடுத்தேன். இந்தியாவில் கணிதம் படிக்கிறவர்களுக்கு வானியல் ஒரு முழுப் பாடம். சந்திரன் எப்போது உச்சிக்கு வரும், நாளுக்கு நாள் எவ்வளவு பிந்தும் என்றெல்லாம் கோளத் திரிகோணத்தில் செய்ய வேண்டும். ரோஹண தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மிஸ், இந்த நிலா எல்லாம் எங்களுக்குச் சொல்லித் தரேல்ல."

"ரொக்கட் விட்டவங்களின்ர நாட்டில படிச்சிட்டு நிலாவைத் தெரியாதோ?" என்றார் மாஸ்டர்.

"ரொக்கட் விட்டது வேற டிப்பார்ட்மென்ட் மாஸ்டர்."

லண்டன் தாள் எங்கள் இருவரையும் சேர்த்து விழுத்தியது. கேள்வி கடினமில்லை. ஆனால் அட்டவணையைப் பார்த்து, இடைப்பெறுமானம் எடுத்து, ஐந்து தசமதானம் வரை கையால் கொண்டுபோக வேண்டும். எங்கள் இருவருக்கும் நாலாவது தானத்தில் விடை பிரிந்து போனது. மாஸ்டர் சோற்றுப் பார்சலை ஒரு கையில் வைத்துக்கொண்டே மற்றக் கையால் எழுதி முடித்தார். வேலியோரம், ஊருக்குள் திரியும் மான்களில் ஒன்று நாங்கள் எறிந்த வாழையிலையைத் தின்றுகொண்டிருந்தது.

"தபாலில படிச்சவனுக்கு ஏன் எண்டு கேக்க ஆளில்லை," என்றார் மாஸ்டர். "விடை சரியோ எண்டு ஏழு தரம் நானே பாக்க வேணும். அதுதான் என்ர வாத்தி."

கிழமை முடிவில் ஒரு தாளில் மூன்று நிரல் போட்டேன். யாருக்கு எது தெரியும், எது தெரியாது என்று எழுதினேன். கடைசியில் எண் எதுவும் போடவில்லை. சேர் மேலிருந்து கீழே ஒருமுறையும் கீழிருந்து மேலே ஒருமுறையும் வாசித்தார்.

"எல்லாம் சரி. இதில ஆர் முதலாவது?"

"அப்பிடி ஒரு ஆள் இதில இல்லை சேர். வேலையைக் குடுத்துப் பாருங்கோ."

கிண்ணியாத் துறையில்

கொடுத்தார். அதற்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்வேன். கிண்ணியாத் துறைக்கு வருகிற மாத அட்டவணையை மூவரும் தனித்தனியே போட வேண்டும். துறையில் நட்டிருக்கும் அளவுக் கம்பத்தில் ஒரு கிழமையின் ஏழு நாளும் எடுத்த அளவீடுகள் மூவருக்கும் பொது.

பிறகு ஒரு நாள் சேரும் நாங்களும் லோஞ்சில் போய், துறையில் காலை முதல் பின்னேரம் வரை கம்பத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். லோஞ்சை ஓட்டியவர் கிண்ணியாக்காரர் மஜீது நானா. எங்கள் மூவரின் தாள்களையும் வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"மூணு பேரும் மூணு நேரம் போட்டிருக்கீங்க. கடலுக்கு எல்லாத்துக்கும் ஆடத் தெரியாது தங்கச்சி. எந்த நேரத்துக்கு ஆடச் சொல்ற?"

அன்று நடந்தது இது. மாஸ்டரின் அட்டவணையில் ஒரு கூட்டல் கழித்தல் பிழையும் இல்லை. ஆனால் அவர் துறைமுகத்துக்கு அச்சிட்ட அட்டவணையிலிருந்து எடுத்திருந்தார். அட்டவணை கையில் இருந்தால் அதை நம்புவதுதான் அவர் பழக்கம். துறைக்கு ஒடுங்கிய களப்பு வாயால் உள்ளே வரும் தண்ணீர் துறைமுகத்தைவிடப் பிந்தி வந்தது. அவர் சொன்ன நேரம் முந்திவிட்டது. ரோஹணவின் வளைகோடு அளவீடுகளோடு அழகாகப் பொருந்தியது. ஆனால் அளந்த கிழமை அமாவாசைக் கிழமை. பெருக்கு அதிகமாக இருக்கும் கிழமையை வைத்து மாதம் முழுவதையும் நீட்டிவிட்டார். நாங்கள் போனது பாதி நிலா நாள். அவர் சொன்ன உயரத்துக்குத் தண்ணீர் கிட்டவும் வரவில்லை.

நான் நிலாவைச் சேர்த்திருந்தேன். உள்ளே தண்ணீர் பிந்துவதையும் சேர்த்திருந்தேன். நேரம் சரியாக வந்தது. உயரம் முழுக்கக் கூடிப் போயிருந்தது. இரண்டு அளவீடுகள் பாதை கரைக்கு வரும்போது எழுந்த அலையில் எடுத்தவை. மாஸ்டர் கண்டவுடனே அவற்றை வெட்டிவிட்டார். நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். மூன்று வருடமாக நான் செய்த எந்த வினாத்தாளிலும் தரவு பிழையாக வந்ததில்லை. தந்த எண்ணைச் சந்தேகிக்க எனக்கு யாரும் பழக்கவில்லை.

சேரின் சப்பாத்துக்குள் தண்ணீர் போய்விட்டது. கரையில் ஏறி நின்றுகொண்டு சொன்னார்.

"அப்ப மூண்டு பேரும் பிழை."

"ஓம் சேர். மூண்டு விதமான பிழை. அதைத்தான் நான் சொன்னனான்."

அவர் சப்பாத்தைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டினார். திரும்பி வரும்போது லோஞ்சில், யாரையும் பாராமல், "நீர் சொன்னது சரி பிள்ளை. என்ர நூறும் எழுபத்தைஞ்சும் சரிவராது," என்றார். மஜீது நானா உட்பட எல்லோரும் கேட்டோம்.

அடுத்த மாத அட்டவணையை மூவரும் சேர்ந்து போட்டோம். நிலா என்னுடையது. வளைகோடு ரோஹணவுடையது. அளவீடுகளைத் துப்புரவாக்குவதும் கடைசித் தசமதானமும் மாஸ்டருடையது. குறிஞ்சாக்கேணிப் பக்கத்திலிருந்து வந்த நெல் லொறி ஒன்று நாங்கள் போட்ட நேரத்தைப் பார்த்துக் காத்திருந்து இறங்கியது என்று மஜீது நானா வந்து சொன்னார்.

ஒரு கட்டம்

கொழும்புக்கு அனுப்பும் படிவத்தைச் சேர் நிரப்பியபோது நான் பக்கத்து மேசையில் இருந்தேன். அவர் மறைக்கவில்லை. நூறு, எழுபத்தைந்து, ஐம்பத்தெட்டு.

"சேர், பிழை எண்டு நீங்களே சொன்னீங்கள்."

"சொன்னனான். இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா இதில 'தகைமைப் புள்ளி' எண்டு ஒரு கட்டம்தான் இருக்கு. நீர் எழுதின மூண்டு நிரலை இந்தக் கட்டத்துக்குள்ள எப்பிடிப் போடுறது?"

"அப்ப வெறுமையா விடுங்கோ."

"வெறுமையா விட்டால் திருப்பி அனுப்புவாங்கள்."

"பிழையா எழுதினால்?"

"பிழையா எழுதினால் எடுப்பாங்கள்," என்றார். சொன்ன பிறகு தான் சொன்னது அவருக்கே கேட்டிருக்க வேண்டும். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். ஆனாலும் கையொப்பம் வைத்தார்.

எனக்கு ஆத்திரம் வந்தது இங்கேதான். தெரியாமல் செய்தால் விளங்கப்படுத்தலாம். விளங்கிய பிறகும் செய்கிறவரை என்ன செய்வது?

நேர்முகப் பரீட்சைக்குக் கொழும்பிலிருந்து மூவர் வந்தார்கள். தலைவர் என்னிடம் கேட்டவை மூன்று. எந்த ஊர்க் கல்லூரி, ஏன் இந்தியாவுக்குப் போனீர், கலியாணம் முடித்துவிட்டீரா. கணிதத்தில் ஒன்றும் இல்லை.

"ஐயா, வேலையைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கோ," என்றேன்.

"அதுக்குத்தான் புள்ளி இருக்கே," என்றார்.

உள்ளே போகுமுன் வராந்தாவில் மற்ற இருவரிடமும் ஒன்று கேட்டிருந்தேன். உங்கள் புள்ளியும் பிழை என்று உள்ளே சொல்வீர்களா? மாஸ்டர் நேராக என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, நான் மாட்டன். பள்ளிக்கூடத்தில ஒரு பொடியனுக்கும் நான் கருணைப் புள்ளி போட்டதில்லை. எனக்கு வாழ்க்கையில ஆரும் போட்டதும் இல்லை. முதல் தரம் இருபது கிடைச்சிருக்கு. எனக்கு மூண்டு பொம்பிளைப் பிள்ளையள். நீர் கோவிச்சாலும் பரவாயில்லை."

கோபித்தேன். ஆனால் அவர் ஒளிக்காமல் சொன்னதற்காக இன்றும் அவரோடு ஒரே மேசையில் சாப்பிடுகிறேன்.

எனக்குப் பிறகு ரோஹண உள்ளே போனார். கதவு பாதி திறந்திருந்தது. வெளியே நின்ற எனக்கும் மாஸ்டருக்கும் கேட்டது. முதலில் சிங்களத்தில் பேசினார். பிறகு எங்களுக்கும் கேட்க வேண்டும் என்றோ என்னவோ இங்கிலீசில் சொன்னார். தன் வகுப்பில் அரைவாசிப் பேருக்கு ஐந்து என்றும், ஐந்து என்றால் நன்றாகச் செய்தார் என்றுதான் பொருள், ஒரு குறையும் இல்லாதவர் என்று பொருளில்லை என்றும், அந்த நூறு தன்னுடையது இல்லை என்றும் சொன்னார். வெளியே வந்து வேர்வையைத் துடைத்தார்.

"என்ன ரோஹண, டிக்கட் எடுத்தீங்களோ?" என்று கேட்டேன்.

"எடுத்தேன் மிஸ். இவங்க ஒரு தடவைகூட ஏன் எண்டு கேக்கேல்ல."

நான் படித்தவை

தங்கச்சிமாருக்கு மூன்று விஷயம்.

உங்கள் வினாத்தாள்களை எறியாதீர்கள். சான்றிதழில் இருப்பது முடிவு மட்டும். உங்களிடம் என்ன கேட்டார்கள் என்பது தாளில்தான் இருக்கிறது.

உங்கள் பாடத்திட்டத்தில் இல்லாதது எது என்று மற்றவர்கள் கண்டுபிடிக்குமுன் நீங்களே கண்டுபிடியுங்கள். நான் இப்போது ரோஹணவிடம் "ஏன்" படிக்கிறேன். மாஸ்டரிடம் எண்ணைச் சந்தேகிக்கப் படிக்கிறேன்.

உங்கள் புள்ளியை யாராவது மாற்றினால் முறையைக் கேளுங்கள். ஐம்பத்தெட்டு ஏன் என்று கேட்கும்போது நன்றி கெட்டவள் என்பார்கள். கேளுங்கள்.

இப்போதைய நிலை

முதலாவது விண்ணப்பதாரி தன் புள்ளியைத் தானே மறுத்ததால் தெரிவு ஒத்திவைக்கப்பட்டதாகக் கொழும்பிலிருந்து எழுதியிருக்கிறார்கள். எனக்கும் மாஸ்டருக்கும் தனியாக ஒன்றும் எழுதவில்லை. பதவி வெறுமையாக இருக்கிறது. மூவரும் இன்னும் தற்காலிகம். ஐம்பத்தெட்டு என் கோப்பில் இருக்கிறது. அதை நீக்கக் கேட்டு நான் அனுப்பிய மேன்முறையீட்டுக்குப் பதில் வரவில்லை. கிண்ணியாத் துறையில் ஒட்டியிருக்கும் இந்த மாத அட்டவணை நாங்கள் மூவரும் சேர்ந்து போட்டது. அதன் கீழே பெயர் எதுவும் இல்லை. இன்று காலை பெருக்கு அதில் எழுதியிருந்த நேரத்துக்கு வந்தது.